மஞ்சள் கயிறும் தங்கக் கம்பியும்

கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். நெற்றியைப் பட்டையில் முட்டக் கொடுத்து, ஆடாமல் பார்க்கச் சொன்னார் டாக்டர். எதிரே ஒரு வெளிச்சக் கோடு வந்து நின்றது. அவ்வளவுதான், நான் அங்கே இல்லை. வெள்ளை வெளிச்சம், குளிர், ஒரே சீராக ஓடும் ஏசியின் முனகல், பக்கத்தில் யாரோ மெதுவாக மூச்சு விடும் சத்தம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. "அம்மா, மூச்சு விடுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது.

கம்பி வைக்கும்போது மூச்சை நிறுத்த வேண்டும். அது எங்கள் வேலையின் முதல் பாடம். வேலை போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுத்தீர்களா என்று கேட்டார் டாக்டர். டிரான்சிஸ்டர் செய்தேன் என்றேன். "ரேடியோ ரிப்பேரா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரேடியோவுக்குள் இருக்கிற டிரான்சிஸ்டரை, அதுவும் கும்மிடிப்பூண்டியில், இந்தக் கையால் செய்தேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொட்டு மருந்து எழுதினார். நம்பவில்லை. நம்பாதவரிடம் மல்லுக்கட்ட எனக்கும் வயசில்லை.

வீட்டிலும் இதே கதைதான். டிவியில் 'சிப்' என்று யாராவது பேசினால் என் மகன் சத்தத்தைக் கூட்டுவான். ஏதோ இப்போதுதான் வானத்திலிருந்து இறங்கி வருகிற சமாசாரம் மாதிரி எல்லோரும் கண்ணை விரித்துப் பேசுவார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, அதற்கெல்லாம் நாங்கள் எப்போதோ தலைவாரிப் பூ வைத்தாகிவிட்டது என்பேன். அவன் என்னைப் பார்த்து, "சரி சரி" என்பான். அந்த 'சரி சரி'க்கு நாலு அறை விடலாம்.

எங்கள் கம்பெனியை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொழிற்பேட்டையில் மற்றவை எப்படியோ அப்படி ஒரு ஷெட்டு, மேலே சிமெண்டு ஷீட்டு. ஒரு பக்கம் இரும்பு உருக்குகிற ஆலை, இன்னொரு பக்கம் கம்பி இழுக்கிற ஆலை. மத்தியானத்தில் அந்த ரோட்டில் நடந்தால் நாக்கில் இரும்பு ருசி தட்டும். அந்த ஷெட்டுக்குள் இன்னொரு ஷெட்டு கட்டியிருந்தார் எங்கள் முதலாளி. வெளிநாட்டில் படித்து, அங்கே வேலை பார்த்து, ஊருக்குத் திரும்பி வந்தவர். பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி, அந்த உள் ஷெட்டில்தான் கம்பி ஒட்டுகிற பாண்டிங் ரூம் இருந்தது. ஜன்னல் கிடையாது. நடைபாதைப் பக்கம் மட்டும் திறக்க முடியாத ஒரு பெரிய கண்ணாடி. வெளியே இருப்பவர்கள் அதன் வழியாக எங்களைப் பார்க்கலாம். நாங்கள் யாரையும் பார்க்க மாட்டோம், கண் எல்லாம் மைக்ரோஸ்கோப்பில் இருக்கும்.

ஆரம்பித்த புதிதில் செய்தது எதுவும் வேலை செய்யவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடல் பக்கமிருந்து வருகிற காற்றும் உப்பு. கரண்டு வந்தாலும் வோல்டேஜ் வராது. இரும்பு ஆலையின் தூசி கதவு இடுக்கிலெல்லாம் நுழையும். சிலிக்கானுக்கு இவை ஒவ்வொன்றும் எமன். இதற்கென்று தேடிப் பார்த்தாலும் இப்படி ஒரு பொருந்தாத இடம் கிடைத்திருக்காது என்று முதலாளியே சிரிப்பாராம். ஆனால் அரசாங்கம் இடம் கொடுத்தது இங்கேதான். தண்ணீரைக் காய்ச்சி வடித்தார், காற்றை வடிகட்டினார், கரண்டுக்கு டீசல் ஜெனரேட்டர் வைத்தார். விட்டேனா பார் என்று ஒவ்வொன்றாகச் சமாளித்தார். அவருக்கு வசப்படாதது ஒன்றே ஒன்றுதான். அது ரயில்.

கல்கத்தா பக்கம் போகிற லைன் எங்களுக்கு அருகிலேயே போகிறது. கூட்ஸ் வண்டி வந்தால் தரை லேசாக நடுங்கும். கால் வைத்து நிற்பவர்களுக்குத் தெரியாது. மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்தால், பூகம்பம். கடுகைவிடச் சின்ன சிலிக்கான் துண்டு, அதிலிருந்து டிரான்சிஸ்டரின் காலுக்குத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து ஒட்ட வேண்டும். அது கிடுகிடுவென்று ஆடும்போது தொட்டால் போச்சு. ஆகவே வண்டி வருவது தெரிந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் இரண்டு கையையும் மேசையிலிருந்து தூக்கிவிடுவோம். அறை முழுக்கப் பெண்கள், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, தலை குனிந்தபடி, கையை மட்டும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வண்டி போய் முடியும். ஒன்றாகக் கை இறங்கும். அந்தச் சில நொடிகளில் எனக்கு மிதப்பது போலிருக்கும். சம்பளத்துக்குத்தான் போனேன் என்றாலும் அந்த மிதப்புக்காகவும் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

டீக்கடையில் ரேடியோ பாடினால் நான் நின்று கேட்பேன். பாட்டுக்காக இல்லை. அதற்குள் நம்ம சாமான் இருக்குமோ என்று ஓர் அல்பப் பெருமை. கடைக்காரர் என்னைப் பாட்டுப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பாண்டிங் ரூமுக்குள் போவதென்றால் சும்மா இல்லை. பவுடர் கூடாது. மை கூடாது. குங்குமம், மஞ்சள், விபூதி கூடாது. பூ கூடாது, கண்ணாடி வளையல் கூடாது. எல்லாம் தூசி, எல்லாம் மாவு. உடை மாற்றுகிற அறையில் ஆளுக்கொரு தடுப்பு வைத்த நீண்ட அலமாரி இருக்கும். வளையல்களைக் கழற்றி அதில் வைப்போம். பூவை ஒரு பெரிய எவர்சில்வர் பேசினில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுவோம். முகத்தைக் கழுவி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தொப்பி. உள்ளே போன பிறகு யார் கல்யாணமானவள், யார் ஆகாதவள், யார் கோயிலுக்குப் போகிறவள், யார் சர்ச்சுக்குப் போகிறவள் என்று பெற்ற தாயே வந்தாலும் சொல்ல முடியாது.

என் பக்கத்து சீட்டுக்காரிக்கு அதனாலேயே அந்த அறை பிடிக்கும். அவள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். என் வயசுதான், அல்லது ஒன்றிரண்டு கூட இருக்கும். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் போன படகு ஏரியில் கவிழ்ந்துவிட்டது. அண்ணன் வீட்டில் இருந்தாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே அவள் வந்துவிட்டால் வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்களாம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், எனக்குத்தான் வயிறு எரியும்.

"இந்த ரூம்புல மட்டும்தாம்மே எல்லாரும் என்ன மாதிரி இருக்கீங்கோ" என்று ஒருமுறை சொன்னாள். "வெளிய போனா நீங்கல்லாம் மாறிடுவீங்கோ. நான் அப்டியே இருப்பேன்."

சாயங்காலம் நாங்கள் பேசினைச் சுற்றி நின்று பூவை எடுத்து உதறி வைத்துக்கொள்ளும்போது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு மாட்டுவாள். ரொம்ப நேரம் மாட்டுவாள்.

எனக்கு ஒரு ஆவணியில் கல்யாணமானது. சோழவரத்திலிருந்து கவரைப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டேன். அவர் எங்கள் தொழிற்பேட்டையிலேயே இரும்பு ஆலையில் வேலை செய்தார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் என்னைப் பார்த்து, ஆள் விட்டு விசாரித்து, பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார். பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்று. அவருடைய அம்மா சொன்னாலும் அதே ஆட்டம்.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனேன். கோட்டு மாட்டப் போகும்போது சூப்பர்வைசரம்மா என் கழுத்தைப் பார்த்தார். புதுத் தாலிக் கயிறு, பூசின மஞ்சள் ரவிக்கையில் கழுத்தைச் சுற்றிலும் இறங்கியிருந்தது. "இதோட உள்ளே விட முடியாதும்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மஞ்சளில் ஒரு பொடி போய் உட்கார்ந்தால் போதும், கம்பி ஒட்டாது. ஒட்டினது போல ஏமாற்றிவிட்டு, யார் வீட்டு ரேடியோவிலோ போய் விட்டுக்கொள்ளும்.

மற்றவர்கள் தாலியைச் சங்கிலியில் கோத்திருந்தார்கள். என் அம்மா வீட்டிலும் அதற்கென்று ஒரு சங்கிலி போட்டிருந்தார்கள். அது மாமியாரின் பீரோவில் இருந்தது. மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கிற அன்றைக்குத்தான் வெளியே வரும். அதுவரை கயிறுதான். அதுவரை புதுப்பெண்கள் வெளியே பேக்கிங்கில் உட்கார வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். ஆனால் பேக்கிங்குக்குப் போனவர்கள் யாரும் திரும்பி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. சீட்டு காலியாகக் கிடக்காது. வேறொருத்தி பழகிவிடுவாள். அப்புறம் என்ன, அட்டைப்பெட்டியும் கோந்தும்தான் ஆயுசுக்கும்.

எனக்கு அந்தச் சீட்டு வேண்டும். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. படிப்பு பத்தாவதோடு நின்றுபோனவள் நான். என் கையால் இவ்வளவு நுணுக்கமான ஒன்று நடக்கும் என்பதை அந்த நாற்காலியில்தான் கண்டுபிடித்தேன். அது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

சூப்பர்வைசரம்மா நல்லவர். ஆயுத பூஜை முடிந்து கம்பெனி திறக்கிற அன்று வரை சீட்டைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். அன்றைக்குச் சங்கிலியோடு வந்தால் உள்ளே, இல்லாவிட்டால் பேக்கிங்.

கயிற்றைக் கழற்றாமல் ஏதாவது வழி உண்டா என்று அவர்தான் யோசித்தார், என் வீட்டுக்காரர். ஒயர்மேனிடம் கேட்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் கொண்டு வந்து, நீளவாக்கில் கீறி, கயிற்றின் மேல் போர்த்தி ஒட்டினார். அவர் எனக்காகச் செய்த முதல் காரியம் அது. இரண்டே நாளில் வேர்வை உள்ளே தேங்கி ஒரே நாற்றம். மாமியார் கண்ணில் பட்டது. "இன்னாமே இது கழுத்துல? குளுகோஸ் ஏத்தறாங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே அதைப் பிய்த்து எறிந்தார்.

சங்கிலியை முன்னதாகவே கோத்துவிடலாமா என்று கேட்டேன். "மூணாம் மாசத்துக்கு மின்ன பிரிக்கறது எங்க ஊட்ல வழக்கம் இல்ல" என்றார். அதோடு விடவில்லை. தெருவில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "அங்க பூவ எடு, பொட்ட அழின்றானுங்களாமே. தாலியறுத்தவளும் கட்டுனவளும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கினு வேல செய்றீங்களாமே. பூவும் பொட்டுமா வாழ வந்த பொண்ணுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு? பேசாம ஊட்ல இரு."

இதில் பேக்கிங்கும் போச்சு. எனக்குப் பொல்லாத கோபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தினமும் என் தட்டில் மீனின் நடுத்துண்டை வைக்கிறவரைக் கெட்டவர் என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரிந்த உலகத்தில் பொட்டை அழிப்பதற்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு. அதற்குத்தான் பயந்தார். அதுவும் தன் மகனுக்காகப் பயந்தார்.

ஆயுத பூஜையன்று குடும்பத்தாரை உள்ளே விட்டுக் காட்டுவது எங்கள் கம்பெனியில் உண்டு. "நேர்ல வந்து பாருங்க அத்தை. பிடிக்கலன்னா நான் நின்னுக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. சீட்டை அவர் கையில் கொடுத்தாகிவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்து, "அந்த தாலியறுத்தவ யாருன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

எங்கள் ஆயுத பூஜையே ஒரு தமாஷ். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்க முடியாதல்லவா? ஆகவே எல்லா மெஷின்களின் சார்பாகவும் வெளியே இருக்கிற டீசல் ஜெனரேட்டருக்குப் பூஜை. பட்டை பட்டையாகச் சந்தனம், மாலைக்கு மேல் மாலை, எதிரே பூசணிக்காய், பொரி, சுண்டல். கல்யாண மாப்பிள்ளை போல நின்றிருக்கும் அது. மாமியாருக்கு அதில் திருப்திதான். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு உடை மாற்றும் அறை. பூவை எடுக்க வேண்டும், நெற்றியைத் துடைக்க வேண்டும் என்றதும் அப்படியே நின்றுவிட்டார். அப்போது உள்ளேயிருந்து முதலாளியின் மனைவி வந்தார். வெள்ளைக் கோட்டு, தொப்பி, வெறும் நெற்றி. "வாங்கம்மா" என்று மாமியாரின் கையைப் பிடித்தார். மாமியார் அவருடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி முந்தானையால் பொட்டைத் துடைத்தார். முகத்து மஞ்சளைக் கழுவினார். பூவை எடுத்து பேசினில் அவரே போட்டார்.

அவர் உள்ளே போனார். நான் போக முடியாது, கழுத்தில் கயிறு. நடைபாதைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

அந்தக் காட்சிதான் இப்போதும் கனவில் வருகிறது. சத்தமே இல்லாத வெள்ளை அறை. எல்லோரும் தண்ணீருக்கடியில் நடமாடுவது போல நிதானமாக நடமாடுகிறார்கள். என் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வருகிறாள். மாமியாரின் தோளைத் தொட்டு, காலியாக இருக்கிற என் நாற்காலியில் உட்கார வைக்கிறாள். மைக்ரோஸ்கோப்பை அவர் உயரத்துக்கு இறக்குகிறாள். ஏதோ சொல்கிறாள். மாமியார் குனிகிறார். நிமிர்கிறார். மறுபடி குனிகிறார். அவர் கையைப் பிடித்து, கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று அவள் விரலால் காட்டுகிறாள். மாமியார் ஏதோ கேட்க, அவள் சிரிக்கிறாள். இருவருக்கும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி, ஒரே மாதிரி வெறும் நெற்றி. தூரத்தில் ரயில் வந்தது. அவள் கையைத் தூக்கினாள். மாமியாரும் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கையும் தானாக மேலே போயிருந்தது.

வெளியே வந்து எல்லோரும் உடை மாற்றும் அறையில் கூடினோம். மாமியார் கண்ணாடி முன்னால் நின்று பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டார், ஏதோ ஆபத்திலிருந்து தப்பி வந்தது போல. பேசினிலிருந்து தன் பூவை எடுத்து உதறினார். அதைப் பாதியாகக் கிள்ளினார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் பக்கத்து சீட்டுக்காரியிடம் போனார்.

"தலையக் காட்டும்மா" என்றார். "வேல முட்சிட்டல்ல? இன்னும் இன்னாத்துக்கு மொட்டையா இருக்கற?"

அவள் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் அவள் பின்னலில் பூவைச் செருகி, தன் தலையிலிருந்தே ஒரு ஊசியை எடுத்துக் குத்திவிட்டார்.

அறையில் அத்தனை பேருக்கும் தெரியும், மாமியாரைத் தவிர. வளையல் சத்தம் நின்றுபோனது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். சூப்பர்வைசரம்மா சுவரைப் பார்த்தார். என் மனசு இரண்டாகக் கிடந்து அடித்துக்கொண்டது. இப்போது யாராவது வாயைத் திறந்தால் இத்தனை பேர் நடுவில் அவளுக்கு அவமானம். என் சீட்டும் அங்கேயே முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை அது. எனக்காகத்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பூசணித் துண்டுகளையும் குங்குமத்தையும் தாண்டி கேட்டை நோக்கி நடந்தோம். மாமியார் பொரிப் பொட்டலத்தோடு முன்னால் போனார். அவள் என் பக்கத்தில் வந்தாள். நடையே மாறியிருந்தது, தலையில் நிறைகுடம் வைத்தவள் போலக் கழுத்தை அசைக்காமல் நடந்தாள்.

"எடுத்துரு, யாரும் பாக்கல" என்று காதில் சொன்னேன்.

"இருக்கட்டும்மே" என்றாள். "கேட்டு வரைக்கும் இருக்கட்டும்."

அப்போதுதான் புரிந்தது, அந்தப் பார்வை எனக்காக மட்டும் இல்லை என்று.

கேட்டில் நாங்கள் வெளியே வந்தோம். அவள் வரவில்லை. பஸ் அப்புறம் என்று சொல்லிவிட்டு உள்பக்கமே நின்றுகொண்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரோடு திரும்புகிற வரை அவள் அங்கேயே நின்றாள், பூவோடு.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வண்டி காலியாக நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மாமியாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நீ அவ்ளோ சின்னதுலயா வேல செய்ற?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நல்லாத்தான் கீது. அந்த தாலியறுத்தவள மட்டும் நான் பாக்கல. லீவோ இன்னாவோ" என்றார். வண்டி நகர்ந்தது.

"எனக்கு சொல்லிக் குட்துச்சே, அந்தப் பொண்ணு நல்ல கொணம். அதும் ஊட்டுக்காரு இன்னா பண்றாரு?"

ஏரியில் மீன் பிடிக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீட்டு எனக்கு. யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லியும் இருப்பேன். ஆனால் அவள் கேட்டுக்கு உள்ளேயே நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கேட்டுக்கு வெளியே வந்தும் பொய் சொல்லி அவளை இல்லாத ஒருத்தியாக்க எனக்கு மனசு வரவில்லை.

"அவரு படகு கவுந்து பூட்டாரு அத்தை" என்றேன். "நீங்க தேடனது அவங்களத்தான்."

மாமியார் தன் வலது கையை மடியில் திருப்பி வைத்துப் பார்த்தார். பூ வைத்த கை. வெளியே சவுக்குத் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கவரைப்பேட்டை வரப்போகும்போது, "உடனே எடுத்துட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல. கேட்டு வரைக்கும் இருக்கட்டும்னாங்க."

இறங்கி வீட்டுக்கு நடந்தோம். அவர் செருப்பைக் கழற்றிய கையோடு பீரோவைத் திறந்தார். சங்கிலியை எடுத்து சாமி படத்தின் முன்னால் வைத்தார். "நாளிக்கு விஜயதசமி. நல்ல நாளுதான். கோத்துடலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், பொரியைத் தட்டில் கொட்டிக்கொண்டே மீதியைச் சொன்னார். "வேலைக்குப் போறப்ப அதுக்கும் சேத்து ஒரு மொழம் பூ வாங்கிக்கினு போ. கேட்டு வரைக்கும்னா கேட்டு வரைக்கும். வெச்சிக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. சீட்டு எனக்குத் திரும்பக் கிடைத்தது. தினமும் காலையில் எங்கள் எல்லோருடைய பூவோடு அவளுடையதும் பேசினில் மிதந்தது. சாயங்காலம் அதை வைத்துக்கொண்டு கேட் வரை நடப்பாள். கேட்டில் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போவாள். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாட்ச்மேன்கூட அந்த நேரத்துக்குச் சரியாக வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பிறகு வெளிநாட்டு டிரான்சிஸ்டர்கள் வந்தன. எங்கள் தங்கக் கம்பிக்கு ஆகிற செலவுக்கும் குறைவாக, பிளாஸ்டிக் உடம்போடு, மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ரேடியோ செய்கிறவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒரு ஷிஃப்ட் நின்றது. பாதி அறையில் விளக்கை அணைத்தார்கள். ஒருநாள் முதலாளி எல்லோரையும் வெளியே கூப்பிட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பேசினார். குரல் உடைந்து பாதியில் நிறுத்திவிட்டார். நாங்கள் அவரைத் தேற்றினோம். எங்களை யார் தேற்றுவது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கோட்டுகளை மடித்துக் கொடுத்தோம். பேசினைக் காலி செய்தோம். அவளும் நானும் கேட் வரை நடந்தோம். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவள் கை பூ வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

"நாளிக்கு இன்னொரு கேட்டு இல்லியேம்மே" என்றாள்.

அவள் கையை இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பூவோடு கேட்டைத் தாண்டி, தன் ஊர் ஜனம் நிறைந்திருந்த அந்த பஸ்ஸில் ஏறினாள்.